பேராசிரியர்களின் பேச்சுரிமையும் பாலஸ்தீனப் பிரச்சினையும்: அமெரிக்கக் கல்லூரிகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இஸ்ரேல்-பாலஸ்தீன மோதலைப் பற்றி அமெரிக்கப் பேராசிரியர்கள் எழுதுவதும் பேசுவதும் போராட்டங்களில் பங்கேற்பதும், அதற்காக அவர்கள் தண்டிக்கப்படுவதும் கடந்த கால் நூற்றாண்டில் பலமுறை நிகழ்ந்துள்ளன. இது குறித்து மீண்டும் மீண்டும் எழும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்படுகின்றன. மோதலில் யார் பக்கம் நியாயம் என்பதை இப்பக்கம் ஆராயவில்லை. ஓர் ஆசிரியரின் கருத்து நமக்கு எவ்வளவு கசப்பாக இருந்தாலும், முறையான விசாரணையின்றி அவரைத் தண்டிக்கலாகாது என்பதும், அந்த விதி இரு தரப்பினருக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதும் இதை எழுதுபவரின் உறுதியான நிலைப்பாடு.

தம் கருத்துக்காக ஒரு பேராசிரியரை அமெரிக்கச் சட்டப்படி பணிநீக்க முடியுமா?

அது அவர் எங்கே பணிபுரிகிறார் என்பதைப் பொறுத்தது. பேச்சுரிமையைக் காக்கும் அரசமைப்பின் முதலாம் திருத்தம் அரசாங்கத்தின் கைகளை மட்டுமே கட்டுகிறது. ஆகவே இல்லினாய், மிச்சிகன், கலிபோர்னியா போன்ற அரசுப் பல்கலைக்கழகங்களின் ஆசிரியர்களுக்கு அது நேரடியாகப் பாதுகாப்பளிக்கிறது. கொலம்பியா, ஹார்வர்டு போன்ற தனியார் நிறுவனங்களின் ஆசிரியர்களுக்கு அளிப்பதில்லை. தனியார் பல்கலைக்கழகங்களில் பணி ஒப்பந்தமும், ஆசிரியர் கையேட்டில் எழுதப்பட்டுள்ள வாக்குறுதிகளுமே ஆசிரியரின் கேடயம்.

அரசுப் பல்கலைக்கழகத்திலும் அந்தப் பாதுகாப்பு எல்லையற்றது அன்று. பொது நலன் சார்ந்த விஷயத்தில் ஓர் அரசு ஆசிரியர் குடிமகனாகப் பேசும்போது, அவருடைய பேச்சுரிமையையும் நிறுவனத்தின் இயக்கத்துக்கு நேரும் இடையூறையும் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும் என்று 1968இல் பிக்கரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2006ஆம் ஆண்டின் கார்செட்டி தீர்ப்போ, அரசு ஊழியர் தம் பணிக்கடமையின் பகுதியாகப் பேசுவதற்கு முதலாம் திருத்தத்தின் பாதுகாப்பு இல்லை என்றது. கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் இது பொருந்துமா என்ற கேள்வியை மட்டும் வேண்டுமென்றே திறந்து வைத்தது. பொருந்தாது என்று ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் இதுகுறித்து இன்னும் இறுதியாக எதுவும் சொல்லவில்லை.

கல்விச் சுதந்திரமும் பேச்சுரிமையும் ஒன்றுதானா?

இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதுவதால்தான் பாதிக் குழப்பம் விளைகிறது. பேச்சுரிமை எல்லாக் குடிமக்களுக்கும் உரியது. அதில் சரியான கருத்து, தவறான கருத்து என்ற தேர்வு கிடையாது. கல்விச் சுதந்திரம் ஒரு தொழிலுக்குரியது. வரலாற்று ஆசிரியர் ஒருவர் ஆவணங்களைத் திரித்து எழுதினால் அவருடைய ஆய்வைச் சக வரலாற்றாளர்கள் நிராகரிக்கலாம்; அது அவருடைய பேச்சுரிமையைப் பறிப்பது ஆகாது. ஆனால் அந்த மதிப்பீட்டைச் செய்ய வேண்டியவர்கள் துறையறிவு உள்ள சக ஆசிரியர்களே அன்றி, நன்கொடையாளர்களோ சட்டமன்ற உறுப்பினர்களோ அல்லர்.

1915இல் தொடங்கப்பட்ட அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம், கல்லூரிகளின் கூட்டமைப்புடன் இணைந்து 1940இல் வெளியிட்ட கொள்கை அறிக்கை இன்றளவும் இத்துறையின் அடிப்படை ஆவணமாக விளங்குகிறது. ஆய்வு, வகுப்பறை, வகுப்புக்கு வெளியே குடிமகனாகப் பேசுதல் ஆகிய மூன்றையும் அது தனித்தனியே பார்க்கிறது. மூன்றாவதில் ஆசிரியர் துல்லியமும் நிதானமும் காட்ட வேண்டும், நிறுவனத்தின் சார்பில் பேசவில்லை என்பதைத் தெளிவுபடுத்த வேண்டும் என்கிறது. நிதானம் காட்டாததையே காரணமாக்கிப் பணிநீக்கலாமா என்ற ஐயத்தைச் சங்கம் 1964இல் தீர்த்து வைத்தது: வெளியே பேசிய பேச்சு, அவர் ஆசிரியப் பணிக்கே தகுதியற்றவர் என்பதைத் தெளிவாகக் காட்டினாலன்றி, பணிநீக்கத்துக்கு அது காரணமாகாது.

சலைட்டா வழக்கு ஏன் அடிக்கடி குறிப்பிடப்படுகிறது?

நடைமுறை எப்படிச் சிதைகிறது என்பதை அந்த வழக்கைப் போல முழுமையாகக் காட்டிய வழக்கு வேறில்லை. ஸ்டீவன் சலைட்டா வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத் துறையில் பணியாற்றி வந்தவர். 2013 அக்டோபரில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பெய்ன் வளாகம், அமெரிக்கப் பூர்வகுடியினர் ஆய்வுத் துறையில் அவருக்கு நிரந்தரப் பேராசிரியர் பணியை வழங்கியது. அவர் அதை ஏற்றுக்கொண்டு பழைய வேலையை ராஜினாமா செய்தார். புதிய வேலையில் சேரும் நாள் 2014 ஆகஸ்ட் மாதத்தில் குறிக்கப்பட்டது. அவர் எடுக்கவிருந்த வகுப்புகளும் அட்டவணையில் இடம்பெற்றன.

அந்தக் கோடையில் காசாவில் போர் மூண்டது. சலைட்டா ட்விட்டரில் கடுஞ்சினத்துடன் எழுதினார். மேற்குக் கரையில் மூன்று இஸ்ரேலிய இளைஞர்கள் கடத்தப்பட்டிருந்த வேளையில், குடியேற்றவாசிகள் எல்லோருமே காணாமல் போகட்டும் என்ற பொருள்பட அவர் எழுதிய ஒரு வரி பலரைக் கொதிப்படையச் செய்தது. அது கொடூரமான வரி என்பதில் இதை எழுதுபவருக்கு ஐயமில்லை. நன்கொடையாளர்களும் முன்னாள் மாணவர்களும் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினர். சேரவிருந்த நாளுக்கு இரண்டு வாரம் முன்பு, அவருடைய நியமனம் அறங்காவலர் குழுவின் ஒப்புதலைப் பெறாது என்று வளாகத் தலைவர் ஃபிலிஸ் வைஸ் கடிதம் அனுப்பினார். செப்டம்பர் 11 அன்று குழு 8க்கு 1 என்ற வாக்கில் நியமனத்தை நிராகரித்தது.

இதற்கிடையே அவரை அழைத்து யாரும் விசாரிக்கவில்லை. அவரைத் தேர்ந்தெடுத்த துறையிடம் கருத்துக் கேட்கவில்லை. அவருடைய பழைய மாணவர்கள் அவரிடம் பாகுபாட்டை அனுபவித்தார்களா என்று எவரும் ஆராயவில்லை. பல்கலைக்கழகத்தின் சொந்த ஆசிரியர் குழுவே, நியமனத்தை மறுத்த முறையில் கடுமையான குறைகளைக் கண்டு, தகுதியான கல்வியாளர்களைக் கொண்டு மறுபரிசீலனை செய்யும்படி 2014 டிசம்பரில் பரிந்துரைத்தது. நிர்வாகம் அதை ஏற்கவில்லை. பேராசிரியர் சங்கம் 2015 ஜூனில் பல்கலைக்கழகத்துக்குக் கண்டனம் விதித்தது.

அறங்காவலர்கள் ஒப்புதல் தரும் வரை ஒப்பந்தமே இல்லை என்று நிர்வாகம் நீதிமன்றத்தில் வாதாடியது. அந்த வாதத்தை ஏற்றால் அமெரிக்கக் கல்வி நிறுவனங்களின் ஆசிரியர் நியமன முறையே நிலைகுலைந்துவிடும் என்று கூறி, ஒப்பந்த மீறல், பேச்சுரிமை மீறல் ஆகிய இரு குற்றச்சாட்டுகளும் தொடர 2015 ஆகஸ்டில் நீதிபதி அனுமதித்தார். அதே மாதம் வைஸ் பதவி விலகினார். நவம்பரில் 8,75,000 டாலருக்கு வழக்கு சமரசமாக முடிந்தது. பல்கலைக்கழகம் பணம் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. சலைட்டாவோ அமெரிக்காவில் நிரந்தரக் கல்விப் பணி எதுவும் கிடைக்காமல், பின்னாளில் பள்ளிப் பேருந்து ஓட்டுநராக வேலை பார்த்தார். வழக்கில் வெல்வதும் வாழ்க்கையை மீட்பதும் வேறு வேறு என்பதை இதைவிடத் தெளிவாக எந்தத் தீர்ப்பாலும் சொல்ல முடியாது.

இது சமூக ஊடகங்களால் வந்த புதுப் பிரச்சினையா?

அல்ல. 2000ஆம் ஆண்டு கோடையில் கொலம்பியாவில் பணிபுரிந்த பாலஸ்தீன-அமெரிக்கப் பேராசிரியர் எட்வர்ட் சயித் லெபனான் எல்லையில் இஸ்ரேல் பக்கமாகக் கல்லெறிந்த புகைப்படம் வெளியானபோது, கொலம்பியா பல்கலைக்கழகம் அவரைத் தண்டிக்க வேண்டும் என்ற குரல்கள் எழுந்தன. அவர் எந்தச் சட்டத்தையும் பல்கலைக்கழக விதியையும் மீறவில்லை என்று நிர்வாகம் அந்த ஆண்டு அக்டோபரில் கடிதம் வெளியிட்டு அவர் பக்கம் உறுதியாக நின்றது.

அதே பல்கலைக்கழகத்தின் மத்திய கிழக்கு ஆய்வுத் துறை ஆசிரியர்கள் யூத மாணவர்களை அச்சுறுத்துவதாக 2004இல் ஓர் ஆவணப்படம் குற்றம் சாட்டியது. அமைக்கப்பட்ட ஆசிரியர் குழு 2005 மார்ச்சில் அறிக்கை தந்தது. யூத வெறுப்பு என்று சொல்லத்தக்க பேச்சுக்கு ஆதாரம் இல்லை என்று கூறிய அக்குழு, அத்துறையின் ஆசிரியர் ஜோசப் மசாத் ஒரு மாணவியிடம் வரம்பு மீறிக் கோபப்பட்டதாகச் சொல்லப்பட்ட ஒரு நிகழ்ச்சியை நம்பத்தக்கது என்றது. மசாத் அதை மறுத்தார். மாணவர்கள் புகார் சொல்ல ஒழுங்கான வழியே இல்லாதிருந்ததையும் குழு குறையாகச் சுட்டியது. 2009இல் மசாத்துக்குப் பணி நிரந்தரம் கிடைத்தது.

டீபால் பல்கலைக்கழகத்தில், இஸ்ரேலைக் கடுமையாக விமர்சித்து வந்த நார்மன் ஃபிங்கல்ஸ்டீனுக்கு அது கிடைக்கவில்லை. துறையும் கல்லூரிக் குழுவும் ஆதரித்தும், ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் ஆலன் டெர்ஷோவிட்ஸ் வெளியிலிருந்து நடத்திய பகிரங்கப் பிரசாரத்துக்கு நடுவே, 2007 ஜூனில் பல்கலைக்கழகம் அவருக்கு நிரந்தரப் பணியை மறுத்தது. வெளி அழுத்தம் தங்கள் முடிவைப் பாதிக்கவில்லை என்றது நிர்வாகம்.

2023 அக்டோபர் 7க்குப் பிறகு என்ன மாறியது?

ஹமாஸ் தாக்குதலில் இஸ்ரேலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டனர். 251 பேர் பணயக் கைதிகளாகப் பிடித்துச் செல்லப்பட்டனர். தொடர்ந்த போரில் காசாவில் பல்லாயிரக்கணக்கானோர் மாண்டனர். இந்தப் பெருந்துயரின் நடுவே ஆசிரியர்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் பதிவு செய்யப்பட்டது, வெட்டி ஒட்டப்பட்டது, பரப்பப்பட்டது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ரஸ்ஸல் ரிக்ஃபோர்ட் ஒரு பேரணியில், தாக்குதல் தமக்குக் கிளர்ச்சியூட்டியதாகப் பேசினார். பின்னர் மன்னிப்புக் கேட்டு விடுப்பில் சென்றார். ஹோபார்ட் அண்ட் வில்லியம் ஸ்மித் கல்லூரிகளில் அரசியல் கோட்பாடு கற்பித்த ஜோடி டீன், அதே உணர்வுடன் எழுதிய ஒரு கட்டுரைக்காக 2024 ஏப்ரலில் வகுப்பிலிருந்து விலக்கப்பட்டார். சில மாதங்களில் விசாரணை முடிந்து திரும்பினார்.

பென்சில்வேனியா மாநிலத்தின் முலன்பெர்க் கல்லூரியில் நடந்தது இன்னும் கவலைக்குரியது. மானிடவியல் இணைப் பேராசிரியர் மௌரா ஃபிங்கல்ஸ்டீன் நிரந்தரப் பணியில் இருந்தவர், யூதர். சியோனிசவாதிகளுக்கு (யூதர்களுக்குத் தனி நாடு என்ற கொள்கையை ஆதரிப்போருக்கு) இடம் கொடுக்காதீர்கள் என்ற பொருளில் பாலஸ்தீன-அமெரிக்கக் கவிஞர் ஒருவர் எழுதிய பதிவை 2024 ஜனவரியில் இன்ஸ்டாகிராமில் பகிர்ந்ததை ஒட்டி எழுந்த புகாரின் பேரில் அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். அந்தப் பதிவு அவருடைய யூத மாணவர்கள் சிலரைக் காயப்படுத்தியிருக்கும் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இருபது ஆண்டு உழைப்பால் ஈட்டப்படும் நிரந்தரப் பணி, பிறர் எழுதிய சில வரிகளைப் பகிர்ந்ததால் பறிபோகும் என்றால், நிரந்தரப் பணி இல்லாத பெரும்பான்மை ஆசிரியர்கள் வாய் திறக்கவே மாட்டார்கள்.

பாலஸ்தீன ஆதரவாளர்கள் மட்டும்தான் தண்டிக்கப்படுகிறார்களா?

பெரும்பாலும் தண்டனைக்கு உள்ளாவோர் அவர்களே. ஆனால் அவர்கள் மட்டும் அல்லர். தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் ஜான் ஸ்ட்ராஸ், 2023 நவம்பரில் போராடிய மாணவர்களைக் கடந்து செல்கையில், ஹமாஸைக் கொலைகாரர்கள் என்றும் அவர்கள் அனைவரும் கொல்லப்பட வேண்டும் என்றும் சொன்னார். ஹமாஸ் என்ற பெயரை நீக்கி வெட்டப்பட்ட காணொளி பரவியது. பாலஸ்தீனர் அனைவரையும் கொல்லச் சொன்னார் என்று அவர்மீது புகார்கள் குவிந்தன. நிர்வாகம் அவரை வளாகத்துக்கு வெளியிலிருந்து இணையவழியில் கற்பிக்கச் சொன்னது. அப்போது கொலம்பியா வணிகப் பள்ளியில் ஆசிரியராக இருந்த இஸ்ரேலியர் ஷாய் டேவிடாய், பாலஸ்தீன ஆதரவுப் போராட்டங்களை மிகக் காட்டமாக எதிர்த்தவர். பல்கலைக்கழக ஊழியர்களைத் துன்புறுத்தியதாகக் கூறி 2024 அக்டோபரில் அவருக்குத் தற்காலிக வளாகத் தடை விதிக்கப்பட்டது.

ஸ்ட்ராஸுக்கு நேர்ந்தது அநீதி என்று சொல்லத் தயங்குபவர், சலைட்டாவுக்காகப் பேசும்போது கொள்கைக்காகப் பேசவில்லை. தம் அணிக்காகவே பேசுகிறார். எதிர்ப்பக்கத்துக்கும் இது அப்படியே பொருந்தும்.

இஸ்ரேலை விமர்சிப்பது யூத வெறுப்பாகக் கருதப்படுமா?

சட்டத்தின் தொடக்கம் 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம். அதன் ஆறாம் பிரிவின்படி, மத்திய அரசின் நிதி பெறும் நிறுவனங்கள் இனம், நிறம், தேசிய வம்சாவளி ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது. பொதுவான மூதாதையர் மரபு என்ற வகையில் யூதர்களும் முஸ்லிம்களும் அரபுகளும் அதன் பாதுகாப்புக்குள் வருகிறார்கள். யூத மாணவர்களின் குறைகள் கற்பனை அல்ல. கலிபோர்னியாவின் யூசிஎல்ஏ வளாகத்தில், தங்கள் நம்பிக்கையைக் கைவிட மறுத்த யூத மாணவர்கள் பாலஸ்தீன ஆதரவுப் போராட்டக்காரர்களின் கூடார முகாம் பகுதியைக் கடக்க முடியாதிருந்ததைக் கண்டித்து, 2024 ஆகஸ்டில் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் இடைக்காலத் தடையாணை பிறப்பித்தார்.

சிக்கல் வரையறையில் வருகிறது. சர்வதேச யூதப் பேரழிவு நினைவுக் கூட்டணி 2016இல் ஏற்ற வரையறை, யூத வெறுப்புக்குப் பதினொரு எடுத்துக்காட்டுகளைத் தருகிறது. அவற்றுள் பல இஸ்ரேல் பற்றிய பேச்சைத் தொடுகின்றன. இஸ்ரேல் என்ற நாடு அமைந்ததே ஓர் இனவாத முயற்சி என்று சொல்வது அவற்றுள் ஒன்று. 2019 டிசம்பரில் அதிபர் டிரம்ப் வெளியிட்ட ஆணை, ஆறாம் பிரிவை நடைமுறைப்படுத்தும்போது இந்த வரையறையைக் கருத்தில் கொள்ளச் சொன்னது. அந்த வரையறையின் முதன்மை வரைவாளர் கென்னத் ஸ்டெர்னே இதைக் கடுமையாக எதிர்த்தார்: ஐரோப்பாவில் தரவு திரட்டுவோருக்காகத் தாம் எழுதியதைப் பல்கலைக்கழகப் பேச்சைத் தண்டிக்கும் விதியாக்கக் கூடாது என்பது அவர் வாதம். மாற்றாக, அறிஞர்கள் பலர் 2021இல் ஜெருசலேம் பிரகடனம் என்ற வேறொரு வரையறையை முன்வைத்தனர். ஒரு மாணவரை யூதர் என்பதற்காகத் தொந்தரவு செய்வதைத் தண்டிக்க இந்த வரையறைகளில் எதுவுமே தேவையில்லை. நடத்தையைப் பார்த்தாலே போதும்.

வகுப்பறையில் ஆசிரியர் தம் அரசியலைப் பேசலாமா?

பாடத்தோடு தொடர்புடையதாயின் பேசலாம். மாற்றுக் கருத்துக்கு இடமும் தர வேண்டும். கணித வகுப்பில் காசா பற்றி ஒரு மணிநேரம் பேசுவதைக் கல்விச் சுதந்திரம் காக்காது. மாணவரின் பிறப்பையோ நாட்டையோ வைத்து நடத்தையை மாற்றுவதையும் அது காக்காது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2018இல் நடந்ததை இங்கே கருதலாம். ஜான் செனி-லிப்போல்டு என்ற இணைப் பேராசிரியர், ஒரு மாணவிக்குப் பரிந்துரைக் கடிதம் எழுத ஒப்புக்கொண்டிருந்தார். அவர் டெல் அவீவில் படிக்க விண்ணப்பிக்கிறார் என்று தெரிந்ததும், இஸ்ரேலியக் கல்வி நிறுவனங்களைப் புறக்கணிப்பதால் எழுத மாட்டேன் என்று மறுத்தார். பல்கலைக்கழகம் அவருடைய ஊதிய உயர்வையும் ஆய்வு விடுப்பையும் நிறுத்தி வைத்தது. புறக்கணிப்பை ஆதரித்து அவர் நூறு கட்டுரை எழுதியிருந்தாலும் தண்டிக்கக் கூடாது. ஆனால் மாணவியின் தகுதியோடு தொடர்பில்லாத காரணத்துக்காக அவருடைய படிப்பு வாய்ப்பைத் தடுப்பது ஆசிரியக் கடமையிலிருந்து வழுவுவதே ஆகும். அந்தத் தண்டனை நியாயமானது.

கல்விப் புறக்கணிப்பு பற்றிப் பேராசிரியர் அமைப்புகளின் நிலை என்ன?

இஸ்ரேலியக் கல்வி நிறுவனங்களைப் புறக்கணிப்பது குறித்து அவை பிளவுபட்டே உள்ளன. அமெரிக்க ஆய்வுகள் சங்கம் 2013 டிசம்பரில் வாக்களித்தோரில் 66 சதவீத ஆதரவுடன் புறக்கணிப்பை ஏற்றது. அமெரிக்க மானிடவியல் சங்கம் 2023இல் 71 சதவீத ஆதரவுடன் ஏற்றது. நவீன மொழிச் சங்கம் 2017இல் அதற்கு எதிராகத் தீர்மானித்தது. பேராசிரியர் சங்கமோ 2005 முதல் எல்லாக் கல்விப் புறக்கணிப்புகளையும் எதிர்த்து வந்து, 2024 ஆகஸ்டில், சில சூழல்களில் அவை ஏற்கத்தக்கவை என்று நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது.

துறைகள் தங்கள் இணையதளங்களில் அறிக்கை வெளியிடலாமா?

தனிமனிதர்களாக எத்தனை பேரும் கையொப்பமிடலாம். துறையின் பெயரில் வெளியிடுவது வேறு, ஏனெனில் உடன்படாத இளம் ஆசிரியரும் விண்ணப்பிக்க வரும் மாணவரும் அதற்குள் சிக்கிக்கொள்கிறார்கள். பல்கலைக்கழகம் விமர்சகர்களின் இல்லமே தவிர விமர்சகர் அன்று என்ற கருத்தைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் கேல்வன் அறிக்கை 1967இலேயே முன்வைத்தது. ஹார்வர்டும் 2024 மே மாதம் அந்தத் திசையில் நகர்ந்தது. இதை எழுதுபவருக்கும் அதுவே சரியெனப் படுகிறது.

2024ஆம் ஆண்டின் கூடார முகாம்களில் ஆசிரியர்கள் என்ன செய்தார்கள்?

பலர் முகாம்களில் சேரவில்லை. மாணவர்களுக்கும் காவல்துறைக்கும் இடையே நின்றார்கள். ஏப்ரல் 25 அன்று அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில், மெய்யியல் துறைத் தலைவர் நோயெல் மெக்கஃபியும் பொருளியல் பேராசிரியர் கேரலைன் ஃபோலினும் கைதானார்கள். ஃபோலின் தரையில் தள்ளப்பட்டுக் கைவிலங்கிடப்பட்ட காட்சி நாடெங்கும் பரவியது. மே 1 அன்று டார்ட்மத் கல்லூரியில், யூதவியல் துறைக்கு முன்பு தலைமை வகித்த வரலாற்றுப் பேராசிரியர் அன்னலீஸ் ஆர்லெக், 65 வயதில், அதேபோல் தரையில் வீழ்த்தப்பட்டார். கட்டடத்தை ஆக்கிரமிப்பது பேச்சுரிமையில் சேராது. அதைத் தடுக்க நிர்வாகத்துக்கு உரிமையுண்டு. தம் மாணவர்களுக்கு என்ன நேர்கிறது என்று பார்க்க வந்த ஆசிரியர்களை இப்படி நடத்துவதற்கு அந்த உரிமை இடம் தராது.

அமெரிக்காவில் மட்டும்தான் இந்நிலையா?

இல்லை. பிரிட்டனில் பிரிஸ்டல் பல்கலைக்கழகம், சியோனிச எதிர்ப்பாளரான பேராசிரியர் டேவிட் மில்லரை 2021இல் பணிநீக்கியது. சியோனிச எதிர்ப்பு சட்டப் பாதுகாப்புக்குரிய நம்பிக்கை என்றும் அவரை நீக்கியது முறையன்று என்றும் 2024 பிப்ரவரியில் தொழிலாளர் தீர்ப்பாயம் கூறியது. இஸ்ரேலிலேயே ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகம், பாலஸ்தீனச் சட்டவியல் அறிஞர் நாதிரா ஷல்ஹூப்-கெவோர்கியானை 2024 மார்ச்சில் இடைநீக்கம் செய்து, பின் அதைத் திரும்பப் பெற்றது. அடுத்த மாதம் காவல்துறை அவரைக் கைது செய்தது.

அரசாங்கமே தலையிட்டால் என்ன ஆகும்? வெளிநாட்டு ஆசிரியர்களுக்குப் பாதுகாப்பு உண்டா?

2025 மார்ச் 7 அன்று டிரம்ப் அரசு, யூத மாணவர்களைக் காக்கத் தவறியதாகக் கூறி கொலம்பியாவுக்கான 40 கோடி டாலர் நிதியை ரத்து செய்தது. அதை மீட்க அரசு விதித்த நிபந்தனைகளுள் ஒன்று, மசாத் பணிபுரியும் அதே மத்திய கிழக்கு, தெற்காசிய, ஆப்பிரிக்க ஆய்வுத் துறையை ஆசிரியர்களின் நிர்வாகத்திலிருந்து வெளியே எடுக்க வேண்டும் என்பது. இரண்டு வாரங்களில் பல்கலைக்கழகம் அத்துறையை மறுஆய்வு செய்ய ஓர் உயர் அதிகாரியை நியமிக்க ஒப்புக்கொண்டது. ஜூலையில் 22 கோடியே 10 லட்சம் டாலர் செலுத்தவும் இசைந்தது. சயித்துக்காக உறுதியாக நின்ற நிறுவனம் கால் நூற்றாண்டில் வந்து சேர்ந்த இடம் இது. பணியாமல் வழக்காடிய ஹார்வர்டுக்கு 2025 செப்டம்பரில் கூட்டாட்சி நீதிமன்றத்தில் சாதகமான தீர்ப்புக் கிடைத்தது. யூத வெறுப்பைக் காரணம் காட்டி ஆய்வு நிதியை வெட்டியது சட்டவிரோதம் என்றார் நீதிபதி.

குடியுரிமை இல்லாதவர்களின் நிலை இன்னும் நெருக்கடியானது. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராகவும் ஆசிரியராகவும் இருந்த இந்தியர் பதர் கான் சூரி, 2025 மார்ச் 17 அன்று வர்ஜீனியாவில் வீட்டு வாசலில் பிடிக்கப்பட்டு டெக்சாஸ் தடுப்பு மையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டார். அவர்மீது எந்தக் குற்ற வழக்கும் இல்லை. நீதிபதியின் ஆணையால் மே 14 அன்று விடுதலையானார்.

இத்தகைய கைதுகளை எதிர்த்துப் பேராசிரியர் சங்கமும் மத்திய கிழக்கு ஆய்வுச் சங்கமும் தொடுத்த வழக்கில், பாஸ்டனில் நீதிபதி வில்லியம் யங் 2025 செப்டம்பர் 30 அன்று தீர்ப்பளித்தார். டிரம்பின் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த அதிபர் ரீகன் காலத்தில் நியமிக்கப்பட்டவர் அவர். அமெரிக்காவில் சட்டப்படி வசிக்கும் வெளிநாட்டவருக்கும் குடிமக்களுக்கு உள்ள அதே பேச்சுரிமை உண்டு என்றும், பாலஸ்தீன ஆதரவுப் பேச்சுக்காக அவர்களைக் குறிவைத்து நாடுகடத்த முயன்றது முதலாம் திருத்தத்தை மீறிய செயல் என்றும் அவர் எழுதினார். அங்கே கற்பிக்கவும் ஆய்வு செய்யவும் செல்லும் நம்மவர்கள் இந்தத் தீர்ப்பைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். விசா கையிலிருக்கும் நிலையில் கைதானால் விடுதலைக்கு வாரங்கள் பிடிக்கும் என்பதையும் கணக்கில் கொண்டு, வழக்கறிஞர் ஒருவரின் தொடர்பு எண்ணை முன்கூட்டியே குடும்பத்தாரிடம் கொடுத்து வைப்பது நல்லது.